ஆனையிறவின் இரு கரைகள்: போர்த் திரைப்படங்களில் எதிரியின் இடம்

1

போரை இரு தரப்பிலிருந்தும் நோக்கும் முறை தமிழிலக்கிய மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் உழிஞைத் திணையைக் கூறுமிடத்து, மதிலை முற்றுவோன் செயலையும் அம்மதிலைக் காப்போன் செயலையும் ஒரே திணையுள் அடக்கும். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை இவ்வுறவை மேலும் தெளிவாக்கி, வெட்சிக்கு எதிரே கரந்தையையும், வஞ்சிக்கு எதிரே காஞ்சியையும், உழிஞைக்கு எதிரே நொச்சியையும் தனித்தனித் திணைகளாக நிறுத்திற்று. நிரை கவர்வோன் சூடும் பூவைக் கூறிய இலக்கணம் நிரை மீட்போன் சூடும் பூவையும் கூறாது அமையவில்லை. தும்பையோ இரு படையும் எதிர்நின்று பொரும் களத்துக்குரியது. ஒரு செயலை அதன் எதிர்ச்செயலோடு சேர்த்தன்றி விளக்கவியலாது என்ற உணர்வு இப்பாகுபாட்டின் அடியிற் கிடக்கின்றது.

செய்யுளிலும் இவ்வுணர்வு செயற்பட்டுள்ளது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் ஒருங்கு மாண்டபோது, கழாத்தலையாரும் பரணரும் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் (62, 63) வென்றோர் எவருமில்லாத களத்தையே காட்டுகின்றன. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத வேளையிற் கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாடல், யார் தோற்பினும் தோற்பது ஒரே குடியே என்பதை இரு மன்னர்க்கும் உணர்த்துகின்றது. இவற்றினும் வியத்தற்குரியது வெண்ணிக்குயத்தியாரின் 66ஆம் பாடல். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நேர்நின்று பாடும் அப்புலவர், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் அவனினும் நல்லனல்லனோ என வினவுகின்றார். வெற்றியாளனின் முன்னிலையில், அவன் புகழைப் பாடும் பாட்டினுள்ளேயே, தோற்றவனின் மேன்மை எடுத்துரைக்கப்படுகின்றது.

இம்மரபைப் போற்றுமிடத்து அதன் எல்லையையும் மறத்தலாகாது. வீரயுகச் சமுதாயத்தின் பாடல்களில் இரு தரப்பு எனப்படுவது பெரும்பாலும் இரு மன்னரே. அவர்தம் கொடை, மானம், புகழ் ஆகியவற்றின் அளவையிலேயே அத்தரப்புகள் நிறுக்கப்படுகின்றன. பேராசிரியர் க. கைலாசபதி தமது 1968ஆம் ஆண்டு ஆய்வுநூலில் விளக்கியவாறு, புலவனும் புரவலனும் கொண்ட உறவே அப்பாடல்களின் நோக்குநிலையைப் பெரிதும் நிர்ணயித்தது. ஆகவே, இரு தரப்பையும் காட்டுதல் என்பதை ஓர் அறப்பண்பாக மட்டும் கொண்டு பாராட்டுதல் போதாது. காட்டுபவர் யார், எவருடைய பொருளுதவியோடு காட்டுகின்றார், எத்தரப்பினுள்ளும் எவரைக் காட்டாது விடுகின்றார் என்னும் வினாக்கள் உடனெழல் வேண்டும். நம் காலத்துப் போர்த் திரைப்படங்களை, சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலாகிய ஆனையிறவைப் பொருளாகக் கொண்டோ அதனை நினைவிற் கொண்டோ எழுந்த கலைப்படைப்புகளை, இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஒரு சமரை இரு பக்கமிருந்தும் காட்டிய திரைப்படங்களுள் பெரும் புகழ் பெற்றது 1962இல் வெளிவந்த 'த லோங்கெஸ்ற் டே'. 1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் நேசநாடுகளின் படைகள் இறங்கியமையைக் கூறும் இப்படத்தில், அமெரிக்கப் பகுதிகளை அன்ட்ரூ மார்ற்றனும், பிரித்தானியப் பகுதிகளைக் கென் அனகினும், ஜேர்மன் பகுதிகளைப் பேர்ன்ஹார்ட் விக்கியும் நெறிப்படுத்தினர். ஜேர்மானியர் ஜேர்மன் மொழியிலும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மொழியிலும் பேசினர். எட்டு ஆண்டுகளின் பின் வந்த 'தோரா! தோரா! தோரா!' (1970) பேர்ள் துறைமுகத் தாக்குதலை இதே முறையிற் காட்டிற்று. அமெரிக்கப் பகுதிகளை றிச்சர்ட் பிளெய்சரும், யப்பானியப் பகுதிகளைத் தோஷியோ மசுதா, கின்ஜி புக்கசாக்கு ஆகிய இருவரும் நெறிப்படுத்தினர்.

இவ்விரு படங்களும் தோன்றிய காலத்தை மனங்கொள்ளல் வேண்டும். மேற்கு ஜேர்மனி 1955இல் நேற்றோ அமைப்பிற் சேர்ந்துவிட்டது. யப்பானும் அக்காலத்தில் அமெரிக்காவின் இராணுவக் கூட்டாளியாகியிருந்தது. நேற்றைய எதிரி இன்றைய கூட்டாளியான பின்னரே அவனுடைய பாசறைக்குள் கமெரா நுழைந்தது. நுழைந்த பின்னரும் அது கண்டவை எவை? தளபதிகளின் தேசப்படங்கள், தொலைபேசி உரையாடல்கள், காலந்தாழ்ந்த கட்டளைகள், உரியவரைச் சென்றடையாத தந்திகள் ஆகியனவே. ஜேர்மன் தளபதி தொழில் தெரிந்த ஒரு போர்வீரனாகக் காட்சியளிக்கின்றான். அவன் சேவித்த அரசு ஐரோப்பிய யூதரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றழித்த செய்தி படத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. போர் எதன்பொருட்டு மூண்டது என்ற வினாவை விலக்கிவைத்ததனாலேயே அங்கு இரு தரப்பும் எளிதிற் சமனாக்கப்பட்டன. இதனை நிர்வாகச் சமத்துவம் எனலாம். இரு காரியாலயங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இயங்குவதை நாம் பார்க்கின்றோம். மனிதர் ஏன் ஒருவரையொருவர் கொன்றனர் என்பதை அறியாமலே திரையரங்கை விட்டு வெளியேறுகின்றோம்.

கிளின்ற் ஈஸ்ற்வூட் 2006இல் ஐவோ ஜிமாச் சமரை இரு தனிப்படங்களாக ஆக்கியபோது இம்முறை ஒரு படி முன்னேறிற்று. 1945ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அச்சிறு தீவில் ஏறத்தாழ 21,000 யப்பானியப் படையினர் நின்று பொருதனர். அவர்களுட் பெரும்பாலோர் மாண்டனர். அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ 6,800 பேர் இறந்தனர். 'எமது தந்தையரின் கொடிகள்' அமெரிக்கரின் கதை. 'ஐவோ ஜிமாவிலிருந்து கடிதங்கள்' யப்பானியரின் கதை. அது யப்பானிய மொழியிலேயே ஆக்கப்பட்டது. இரண்டாவது படத்தின் நடுநாயகன் தளபதி குரிபயாஷி மட்டுமல்லன். சைகோ என்னும் வெதுப்பகத் தொழிலாளி ஒருவனும் உடன் நிற்கின்றான். அவனது தொழிற் கருவிகளை அரசு போருக்கென்று எடுத்துக்கொண்டது. பின்பு அவனையும் எடுத்துக்கொண்டது. கருவுற்ற மனைவியை விட்டு வந்த அவனுக்கு அத்தீவின் மீது எப்பற்றுமில்லை. எதிரியின் பாசறை ஒரே குரலில் ஒலிப்பதன்று என்பதும், அங்கும் ஆள்வோரும் ஆளப்படுவோரும் உளர் என்பதும் இவனூடாகப் புலனாகின்றன. மேலும், சரணடைந்த ஷிமிசுவை அவனைக் காவல் செய்த அமெரிக்கச் சிப்பாயே சுட்டுக் கொல்லும் காட்சியை ஓர் அமெரிக்க நெறியாளர் தவிர்க்கவில்லை. தன் தரப்பின் குற்றத்தை எதிர்த்தரப்பின் கண்ணாற் பார்க்கத் துணிந்த அக்கணத்திலேயே இரு பக்க நோக்கு என்பது பொருளுடையதாகின்றது.

எனினும், வென்ற நாட்டின் முதலீடும் வென்ற நாட்டின் நெறியாளருமே அங்கும் தோற்றவனின் கதையைச் சொல்லினர் என்பது நினைவிலிருத்தற்குரியது. ஆயின் யப்பானுக்கென ஓர் அரசு இருந்தது. வளமான திரைப்படத் தொழில் இருந்தது. குரிபயாஷியின் கடிதங்களைப் பேணி அச்சிடும் பதிப்புத்துறை இருந்தது. தோற்றவனுக்கும் ஓர் ஆவணக்காப்பகம் இருந்தமையாலேயே அவனது கதையை வென்றவன் ஓரளவேனும் நேர்மையாகக் கூற முடிந்தது. இவ்வுண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

3

இரு பக்க நோக்கு என்பதை நடுநிலைமையோடு மயங்குதல் விமர்சகரிடையே காணப்படும் பொதுவான வழு. இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லது ஜில்லோ பொன்ரிகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் சமர்' (1966). அல்ஜீரிய விடுதலைக்கு நான்கு ஆண்டுகளின் பின் வெளிவந்த இப்படத்தின் தயாரிப்பிற் பங்கேற்று அதில் நடித்தும் உள்ள சாதி யாசெப், அவ்விடுதலை முன்னணியின் அல்ஜியர்ஸ் நகரத் தலைவராக விளங்கியவர். படத்தின் சார்பு வெளிப்படையானது, குடியேற்றவாதத்துக்கு எதிரானது. ஆயினும், பெண்கள் மூவர் குண்டுகளைச் சுமந்து செல்லும் பகுதியில், குண்டு வைக்கப்பட்ட சிற்றுண்டிச்சாலையிலிருந்த பிரெஞ்சு மக்களின் முகங்களைக் கமெரா ஒவ்வொன்றாகக் காண்கின்றது. பனிக்கூழ் உண்ணும் குழந்தையையும் அது விலக்கவில்லை. கஸ்பாவில் மாண்ட அராபியருக்கு ஒலித்த அதே இரங்கலிசை இங்கு மாண்ட ஐரோப்பியருக்கும் ஒலிக்கின்றது.

எதிர்த்தரப்புத் தளபதி மத்தியூவும் கோமாளியாகவோ கொடியவனாகவோ படைக்கப்படவில்லை. பிரான்சு அல்ஜீரியாவில் தங்குதல் வேண்டும் என்று விரும்புவோர் அதற்குரிய விளைவுகளையும் ஏற்றல் வேண்டும் என்று அவன் பத்திரிகையாளரிடம் தர்க்கரீதியாகக் கூறுகின்றான். சித்திரவதையை ஒரு தனிமனிதனின் கொடூரமாகக் காட்டியிருப்பின் குடியேற்ற அமைப்பு குற்றத்தினின்று தப்பியிருக்கும். எதிரிக்கு அறிவும் தர்க்கமும் வழங்கப்பட்டமையால் அவ்வமைப்பின் இயல்பே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றது. ஆக, எதிரியை முழுமையாகக் காட்டுதல் தன் சார்பைக் கைவிடுதலாகாது. சார்பு நியாயமானதாயின், எதிரியின் முழுமை அதனை வலுப்படுத்தவே செய்யும். இவ்வுண்மையைத் தமிழர் தரப்புப் போர்க்கலை பெரும்பாலும் உணரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

4

ஆனையிறவு குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பு. இருபுறமும் கடனீரேரி, நடுவே கண்டி வீதி, வீதியோரம் உப்பளம். ஒல்லாந்தர் காலம் முதல் இவ்விடத்தைக் காத்தவர் குடாநாட்டின் வாயிலைக் காத்தவராயினர். 1991 யூலையில் விடுதலைப் புலிகள் இங்கிருந்த படைமுகாமை முற்றுகையிட்டனர். 'ஆகாய கடல் வெளிச் சமர்' என்பது அவர்கள் இதற்கு இட்ட பெயர். மறைவேதுமற்ற உப்புவெளியினூடாக அவர்கள் முன்னேற வேண்டியிருந்தது. வெற்றிலைக்கேணிக் கரையிற் படைகளை இறக்கி அரசு முற்றுகையை முறியடித்தது. பின்னர், 'ஓயாத அலைகள் 3' நடவடிக்கையின்போது, 2000 மார்ச் மாத இறுதியிற் புலிகள் குடாரப்பிற் தரையிறங்கி இத்தாவிலில் வீதியை மறித்தனர். தளத்துக்கு நன்னீர் வழங்கிய இயக்கச்சிப் பகுதி கைமாறிற்று. 2000 ஏப்ரல் 22இல் தளம் வீழ்ந்தது. சித்திரை வெயிலிற் கிளாலி நோக்கிப் பின்வாங்கிய சிப்பாய்கள் தண்ணீரின்றி வாடினர். தாகத்தால் இறந்தோரும் உளர். 2009 சனவரியில் அரசபடை ஆனையிறவை மீளக் கைப்பற்றிற்று.

இம்மூன்று சமர்களும் இரு பக்க நோக்கில் அமையும் ஒரு திரைப்படத்துக்குரிய பொருளைத் தம்முட் கொண்டுள்ளன. 1991இல் வெட்டவெளியில் உயிரிழந்த தமிழ் இளைஞர், யுவதியர். 2000இல் உப்புநீர் சூழக் குடிநீருக்கு ஏங்கிய சிங்களக் கிராமத்து இளைஞர். ஒரே நிலம் ஒருமுறை ஒரு தரப்பையும் மறுமுறை மறுதரப்பையும் கொன்றது. ஆயினும், ஆனையிறவுச் சமர் எதனையும் இரு பாசறையினுள்ளும் நின்று காட்டும் பெரும்படமொன்றை நம் நாட்டுத் திரைப்படக்கலை தரவில்லை.

காரணத்தை அறிய ஆனையிறவில் வீதியோரம் நிற்கும் நினைவுச்சின்னம் ஒன்றை நோக்கினாற் போதும். 1991 யூலை 14இல் புலிகள் கவசமிட்டு ஓட்டிவந்த புல்டோசர் ஒன்றின் மீது, கையிற் குண்டுகளோடு ஏறி அதனை நிறுத்தித் தானும் மாண்ட காமினி குலரத்ன என்னும் சிப்பாய்க்கு, நாட்டின் அதியுயர் படைவிருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. அப்புல்டோசரின் சிதைவும் அவரது சிலையும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் இரும்பைக் காண்கின்றனர். இரும்பின் வெளியே இறந்தவனை அறிகின்றனர். இரும்பினுள்ளே இருந்தவன் யார், எவ்வூரவன், எத்தனை வயதினன், எதன்பொருட்டு அதனை ஓட்டினான் என்பவற்றை அச்சின்னம் கூறாது. அவனைப் போன்றோருக்கெனக் கோப்பாய் முதலிய இடங்களில் எழுந்த துயிலுமில்லங்கள் படையினரால் இடித்து மட்டமாக்கப்பட்டன. கோப்பாயிற் கல்லறைகள் இருந்த நிலத்தின் மீது 2011இல் படைத்தலைமையகம் எழுந்தது.

ஒரே பொருளில் இரு மரணங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்றுக்குச் சிலையுண்டு, மற்றதற்குக் கல்லறையுமில்லை. இந்நிலையில் இரு பக்கத்துக்கும் திரையிற் சமநேரம் ஒதுக்குதல் மாத்திரம் சமத்துவமாகிவிடாது. ஐவோ ஜிமாவின் யப்பானியருக்கு இருந்த அரசும் காப்பகமும் திரைத்தொழிலும் இங்கு தோற்ற தரப்புக்கு இல்லை. இழந்த நினைவை மீட்டெடுக்கும் பணியையும் இப்படைப்பாளி தன் தோள்மேற் சுமக்க வேண்டியவனாகின்றான்.

5

சிங்களத் திரைப்படக்கலை இப்பணியை எவ்வளவு தூரம் நிறைவேற்றியுள்ளது? இங்கு ஒரு முற்போக்கான ஓடை தொடர்ந்து இருந்துவந்துள்ளது என்பதை நாம் மனமுவந்து ஏற்றல் வேண்டும். 1979இலேயே சுனில் ஆரியரத்தினவின் 'சருங்கலே'யில், சிங்களத் திரையின் உச்ச நடிகரான காமினி பொன்சேகா நடராஜா என்னும் தமிழ் எழுதுவினைஞனாகத் தோன்றினார். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) போர்க்களத்தைக் காட்டவேயில்லை. முத்திரையிட்ட சவப்பெட்டியில் வந்த மகன் இறந்தான் என்பதை ஏற்க மறுக்கும் பார்வையற்ற தந்தை வன்னிஹாமியையே அது காட்டிற்று. யோ அபேவிக்ரம அப்பாத்திரத்தை ஏற்றார். இழப்பீட்டுப் படிவத்திற் கையொப்பமிட அவர் மறுப்பதே படத்தின் மையம். மகன் படையிற் சேர்ந்தமைக்கும் பாதியில் நின்ற வீட்டுக்கும் வறண்ட குளத்துக்கும் உள்ள உறவை உணர்வோர், போரின் வர்க்க அடித்தளத்தை உணர்வர். எதிரி ஒருவனும் திரையிற் தோன்றாத இப்படம், எதிரி மீதான பகைமை எதனையும் வளர்க்கவில்லை. 2000இல் அரசு இதன் திரையிடலைத் தடுத்தது. நெறியாளர் உயர்நீதிமன்றை நாடி 2001இல் வெற்றி பெற்றார். ஒரு தந்தையின் மௌனத்துக்கும் அரசு அஞ்சிற்று என்பது சிந்தனைக்குரியது.

இரு தரப்பினரும் நேருக்குநேர் சந்திக்கும் படங்களில் வேறொரு சிக்கல் தோன்றுகின்றது. அசோக ஹந்தகமவின் 'மே மகே சந்தய்' (2000) காவலரண் ஒன்றிற் தொடங்குகின்றது. அங்கு வந்து சேரும் தமிழ்ப் பெண்ணைச் சிப்பாய் வல்லுறவுக்குள்ளாக்குகின்றான். படையை விட்டு ஓடும் அவனை அவள் அவனது ஊர்வரை தொடர்கின்றாள். சிங்களக் கிராமத்தின் போலிப் பெருமையை ஈவிரக்கமின்றித் தோலுரித்த படம் அது. ஆயின் அப்பெண்ணின் வாயிலிருந்து வெளிப்படும் சொற்கள் மிகச் சில. நிஹால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதி 2003ஆம் ஆண்டுக்கான கிறேஷியன் பரிசைப் பெற்ற 'ஆனையிறவிலிருந்து செல்லும் பாதை' என்னும் நாவலைச் சந்திரன் இரத்தினம் 'அலிமங்கட' என்ற பெயரிற் திரைப்படமாக்கினார். ஆனையிறவுக்கு அண்மையிற் தகவல் வழங்க வந்த இயக்கப் பெண்ணும், அவளை அழைத்துச் செல்ல வந்த படை அதிகாரியும், தாக்குதலொன்றின் பின் காட்டுவழியே தெற்கு நோக்கிச் செல்கின்றனர். வழியில் வாதிடுகின்றனர்; ஈற்றிற் காதல் கொள்கின்றனர். அவர்கள் கடந்த வில்பத்துக் காட்டிலேயே 2006இல் நாவலாசிரியர் கண்ணிவெடிக்குப் பலியானார். விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க' (2012) முன்னாட் சிப்பாய் ஒருவனும் தமிழ்ப் பெண் செல்வியும் மணம்புரிந்து வாழும் வீட்டைக் காட்டுகின்றது.

மூன்று படங்களிலும் சிப்பாய் ஆணாகவும் சிங்களவனாகவும், எதிர்த்தரப்பு பெண்ணாகவும் தமிழச்சியாகவும் அமைதல் தற்செயலானதன்று. இனங்களின் உறவு ஆண் பெண் உறவாக உருமாற்றப்படுகின்றது. அரசியற் கோரிக்கை இங்கு உளத்துயராகச் சுருங்குகின்றது. துயருக்கு ஆறுதல் கூறலாம். கோரிக்கைக்கோ விடையளித்தல் வேண்டும். இவற்றுள் விதானகேயின் படம் இவ்வமைப்பை உள்ளிருந்தே உடைக்க முயல்கின்றது: அங்கு அன்பு குற்றத்தை மறைக்கவில்லை, வெளிக்கொணர்கின்றது. 'அலிமங்கட'யிலோ எதிரிக்கு உள்ளம் வழங்கப்படுவது அவள் தன் தரப்பை விட்டு நீங்கி வந்த பின்னரேயாம். காட்டிக்கொடுக்க வந்தவளிடமே மனிதத்தைக் காணும் பார்வை, காட்டிக்கொடுக்காதவனை என்செய்யும் என்ற வினா எஞ்சுகின்றது. இவையும் காணாத ஒரு வகுப்பும் உண்டு. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சரத் வீரசேகர நெறிப்படுத்திய 'காமணி' (2011) போன்ற படங்களில் எதிரி துப்பாக்கி தாங்கிய நிழலுருவமன்றி வேறல்லன்.

இவற்றோடு ஒப்பிடுகையில் ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) தனித்து நிற்கின்றது. சிங்கள நெறியாளர் ஒருவர் யாழ்ப்பாணத்தில், தமிழ் மொழியில், தமிழ் நடிகரைக் கொண்டு ஆக்கிய படம் அது. தர்ஷன் தர்மராஜ் ஏற்ற பாத்திரமாகிய முன்னாட் போராளி, போரின் பின் ஊர் திரும்புகின்றான். அவனை வரவேற்பது வெற்றிப்படையன்று. தம் பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த அயலவரின் சினம். ஒரு தரப்பினுள்ளே இருக்கும் பிளவை மறுதரப்பைச் சார்ந்தவர் இத்துணைக் கூர்மையாகக் கண்டமை பாராட்டுக்குரியது. தோற்றவர் தம்முள் தம் மொழியிற் பேசுவதை நாம் கேட்கின்றோம். எதிரியை மனிதனாகக் காணும் கலைக்கு இதுவே அடிப்படைச் சோதனை எனலாம்: எதிரி நம்மை நோக்கிப் பேசாது, நம்மைப் பற்றிப் பேசாது, தனக்குள் தன் அன்றாடத்தைப் பேசும் காட்சி ஒன்றேனும் உளதா?

6

இதே சோதனையைத் தமிழ்த் தரப்பின் படைப்புகள் மீதும் பிரயோகித்தல் நம் கடன். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் சமர்களை வீடியோவிற் பதிவு செய்தது. 'ஒளிவீச்சு' என்னும் வீடியோச் சஞ்சிகையை வெளியிட்டது. களத்தின் நடுவே நின்று, உயிரைப் பணயம் வைத்து எடுத்த அப்படச்சுருள்கள் வரலாற்று ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றிற் சிங்களச் சிப்பாய் பிணமாகவோ கைதியாகவோ அன்றித் தோன்றுதல் அரிது. வன்னியிற் படமாக்கப்பெற்று 2006இல் வெளிவந்த ஜோனின் 'ஆணிவேர்' தமிழ் மக்கள் பட்ட கொடுமைகளை உலகுக்குக் கூற முற்பட்டது. அந்நோக்கம் நியாயமானதே. எனினும், அங்கு சீருடை அணிந்தவன் கொடுமையின் உருவமாகவே நிற்கின்றான். பொன்ரிகோர்வோ தன் மத்தியூவுக்கு வழங்கிய தர்க்கத்தை இவனுக்கு வழங்கியிருப்பின், கொடுமை ஒருவனது குணமாக அன்றி ஓர் அரசின் கொள்கையாகத் துலங்கியிருக்கும். தமிழகத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) சிங்கள மருத்துவர் ஒருவருக்கு இடமளித்ததாயினும், போர் அங்கு தாய்-மகள் சந்திப்புக்குரிய பின்னணியாகவே அமைந்தது.

இரு தரப்பு என்ற தொடரே ஒரு சுருக்கம் என்பதையும் இவ்விடத்துக் கூறல் வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் தம் வீடுகளிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு ஆனையிறவின் எக்கரையும் சொந்தமாயிருக்கவில்லை. இவ்வெளியேற்றத்தைத் திரையிற் காட்டியது விதானகேயின் சிங்களப் படமாகிய 'இர மதியம' (2003). தமிழ்க் கலை உலகு இதிற் பின்தங்கிநின்றமை வருந்தத்தக்கது. ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' (2017) 1983 வன்செயலோடு தமிழ் இயக்கங்கள் தம்முட் புரிந்த கொலைகளையும் எடுத்துரைத்தபோது, எதிர்ப்புகளின் பின் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா அதனைத் தன் நிரலிலிருந்து நீக்கிற்று. அப்படத்தின் அரசியலோடு முரண்படுதல் எவருக்கும் உரிமை. முரண்பாட்டைப் பார்த்த பின் எழுப்புதலே விமர்சனம். பார்க்கவிடாது தடுத்தல் தணிக்கை. 'புரஹந்த களுவர'வைத் தடுத்த அரசின் பலம் இங்கு எவரிடமும் இல்லை என்பது மெய். அப்பலமின்மை நம் செயலை நியாயப்படுத்தாது.

போரிற் பங்குகொள்ளாது இரு கரைக்கும் இடையே அகப்பட்டோர் மற்றொரு தரப்பினர். ஆனையிறவு வழி மூடப்பட்ட தொண்ணூறுகளின் முற்பகுதியில், மக்கள் இரவிற் சிறுபடகுகளிற் கிளாலிக் கடனீரேரியைக் கடந்தனர். கடற்படையின் தாக்குதலிற் பலர் அந்நீரில் இறந்தனர். உப்பளத்திற் கூலிக்கு உப்பு வாரிய தொழிலாளர் போரால் தம் தொழிலை இழந்தனர். தளபதிகளின் தேசப்படத்தில் இவர்கள் குறிக்கப்படுவதில்லை. ஆனையிறவின் ஆழமும் அலையும் சேறும் வெயிலும் இவர்களுக்கே நன்கு தெரியும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். போரை இரு பக்கமிருந்தும் காட்டும் படம், போர் முடிந்தவுடன் தானாகக் கனிந்துவிடும் பழமன்று. ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் அதனைக் கனிவித்தது அரசுகளின் புதிய கூட்டுறவு. நம் நாட்டில் அத்தகைய இரு அரசுகள் இல்லை. வென்ற அரசும் தோற்ற மக்களுமே உளர். எனவே, இங்கு சமநிலை பேசுவோர் முதலிற் சமமின்மையைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். இடிக்கப்பட்ட துயிலுமில்லங்களின் பெயர்ப் பட்டியல்கள், சிதறிக்கிடக்கும் 'ஒளிவீச்சு'ப் பிரதிகள், படகிற் கடந்தோரின் வாய்மொழிகள் ஆகியன தொகுக்கப்படாதவிடத்து, தமிழ்ப் பாசறையினுள் நுழையும் கமெரா வெற்றிடத்தையே படம்பிடிக்கும். இத்தொகுப்புப் பணியிற் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பொறுப்புண்டு. அதேவேளை, தென்னிலங்கைக் கிராமங்களின் வன்னிஹாமிகளது வாய்மொழியும் தமிழிற் பெயர்க்கப்படல் வேண்டும். அவர்களை அறியாத தமிழ்ப் படைப்பாளி மத்தியூக்களையோ சைகோக்களையோ படைத்தல் இயலாது.

தன் தரப்பின் நியாயத்தில் உறுதிகொண்டவன், தன் தரப்பின் குற்றத்தைக் காட்ட அஞ்சான். எதிரியின் குற்றத்தை எடுத்துக்கூறுபவன், அக்குற்றத்துக்கு எதிரியைத் தள்ளிய வறுமையையும் கல்வியையும் கட்டளையையும் கூறாது விடான். இவ்விரண்டும் கூடுமிடத்தேதான் போரின் காரணம் திரையிற் தெரியத் தொடங்கும். காரணத்தைக் காட்டாத சமத்துவம், முன்னர்க் கூறிய நிர்வாகச் சமத்துவமே.

வெண்ணிக்குயத்தியார் என்ற பெயர் அவரது ஊரையும் தொழிற்குடியையும் கூறுகின்றது. போர் நிகழ்ந்த வெண்ணி அவரது ஊர். மண்பாண்டம் வனைவது அவரது குடித்தொழில். தம் ஊர் மண்ணிற் பிறர் பொருத போரில் வென்றவனை அவர் அறிவார், தோற்றவனையும் அறிவார். அவ்விருவருள் எவரது அவைக்கும் அவர் முற்றாக உரியவரல்லர் என்பதனாலேயே அவ்வினாவைக் கேட்கும் துணிவு அவருக்கு வாய்த்தது போலும். ஆனையிறவின் கதையை இரு பக்கமிருந்தும் சொல்லவல்ல கலைஞன் தளபதிகளின் பாசறைகளிலிருந்து வருவான் என எதிர்பார்ப்பதற்கில்லை. உப்பளத்தில் உழைத்தோரிடமும் கிளாலியை இரவிற் கடந்தோரிடமும் அக்கதை இன்றும் உயிரோடிருக்கின்றது. அவர்களும் முதுமையடைந்து வருகின்றனர் என்பதைத் தமிழறிஞரும் திரைக்கலைஞரும் மறவாதிருத்தல் வேண்டும்.